ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது? களியக்காவிளை எல்லையின் இரு பக்கத்துச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கும், விளவங்கோடு, கல்குளம், நெய்யாற்றின்கரை வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து, சரியாகி, பத்துப் பதினைந்து நாள் கழிந்திருக்கும். காலையில் எழும்போது உள்ளங்கால் மரத்திருக்கிறது. சாயங்காலம் படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. மறுநாள் கழிப்பறையில் குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கும் அடுத்த நாள் சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கில்லன் பாரே நோய் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் ஏறிவரும். காலிலிருந்து மேலே, இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வரும். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று விழும் பக்கவாதத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த வரிசைதான்.

லேன்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1859இலேயே இதை எழுதிவைத்தார். 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூவர், இரண்டு படைவீரர்களின் தண்டுவட நீரில் புரதம் கூடியிருக்க அணுக்கள் மட்டும் கூடாமலிருந்ததைக் காட்டினார்கள். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள், கிருமியின் மேலுறையைப் போலவே இருக்கும் நம் நரம்பின் உறையையும் தாக்கிவிடுகிறது. மின்கம்பியின் ரப்பர் உறை உரிந்தால் மின்சாரம் கசிவதுபோல, மூளை இடும் ஆணை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. சிலருக்கு உறையோடு நிற்காமல் உள்ளே இருக்கும் இழையே அறுபடும். அவர்கள் மீண்டு வர நாள் அதிகம் பிடிக்கும்.

ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது வருகிறது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 18 லட்சத்துக்கு மேல், திருவனந்தபுரத்தில் 33 லட்சம். இந்த இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஆண்டுக்கு 50 முதல் 100 பேருக்கு வரலாம் என்று கணக்குப் போடலாம். ஆனால் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருவரைப் பார்த்தாலே அதிகம். ஆகவே முதல் நாளில் இது கண்ணில் படாமல் போனால் அந்த மருத்துவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அரிதாக வருவதை மனத்தில் வைத்திருக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதல் இடறல் பேச்சிலேயே இருக்கிறது. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ நோயாளி ‘தரிப்பு’ என்று சொல்வதை மார்த்தாண்டத்தில் ‘மரத்துப்போச்சு’ என்பார்கள். ‘தளர்ச்ச’ என்றால் கை கால் ஓய்ந்து தூக்க முடியாமல் போவது. ‘க்ஷீணம்’ என்றால் வெறும் அசதி. எல்லையில் இரண்டு மொழியும் கலந்து பேசுகிற நோயாளி பதற்றத்தில் ஒரு சொல்லுக்கு இன்னொன்றைச் சொல்லிவிடுவார். புறநோயாளிச் சீட்டில் ‘உடல் சோர்வு’ என்று ஏறிவிட்டால் அதன்பின் நடப்பதெல்லாம் சோர்வுக்கான வைத்தியம்தான்: ஒரு குளுக்கோஸ் ட்ரிப், ஒரு பி12 ஊசி, ‘நல்லா சாப்பிடுங்க’ என்ற அறிவுரை. பி12 ஊசியால் இங்கே கெடுதல் இல்லை, பயனும் இல்லை. குளுக்கோஸ் அப்படியல்ல. கை கால் தளர்ந்து வருகிற சிலருக்கு உண்மைக் காரணம் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பது. அவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் இன்சுலின் சுரந்து, மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். தளர்ச்சி கூடும், இதயத்துடிப்பு தடுமாறும். திடீரெனக் கால் தளர்ந்து வரும் யாருக்கும் பொட்டாசியம் பார்க்காமல் குளுக்கோஸ் தொங்கவிடக் கூடாது என்று எழுத்தில் ஒரு ஆணை வேண்டும்.

சோர்வா தளர்ச்சியா என்று தெரிந்துகொள்ளச் சொல்லை நம்ப வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள். குதிகாலில் நாலடி, முன்காலில் நாலடி நடக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி நெற்றியில் விரலால் அழுத்துங்கள். கண்ணை இறுக மூடச் சொல்லி இமை முடி முழுதாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். அசதியில் வந்தவர் முனகிக்கொண்டாவது இதையெல்லாம் செய்துவிடுவார். பிறகு முட்டிச் சுத்தியலை எடுத்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாரில் தட்டுங்கள். துள்ள வேண்டிய கால் துள்ளாவிட்டால், கணுக்காலும் அசையாவிட்டால், சந்தேகம் பாதி உறுதியாகிவிட்டது. முதல் ஓரிரு நாளில் துள்ளல் மிச்சமிருக்கவும் கூடும். துள்ளியது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடாமல் ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை தட்டிப் பாருங்கள். இந்தச் சுத்தியல் விலை உயர்ந்த கருவி அல்ல. ஆனாலும் எத்தனை நிலையங்களில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று ஒரு முறை கணக்கெடுங்கள்.

இதைப்போலவே தோன்றும் வேறு சிலவற்றையும் அந்த மேசையிலேயே விலக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு போட்டதுபோல் உணர்ச்சி போய், சிறுநீரும் முதல் நாளே அடைத்துக்கொண்டால் தண்டுவடத்தைச் சந்தேகியுங்கள். அங்கே ஸ்கேன் உடனே வேண்டும். தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கினால், அதாவது முதலில் இமை தொங்கி, அப்புறம் விழுங்க முடியாமல் போய், அதன்பின் கை கால் விழுந்தால், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவரா, தரையில் படுத்தவரா என்று கேளுங்கள். கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, எச்சிலும் வியர்வையும் வழிந்தால் பூச்சிமருந்து.

நாய் கடித்ததா என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. வெறிநாய்க்கடி நோயில் ஒரு வகை, ஆர்ப்பாட்டமே இல்லாமல் வெறும் தளர்ச்சியாக வரும். அது கில்லன் பாரே போலவே இருக்கும். தளர்ச்சி நடக்கும்போதே காய்ச்சலும் அடிப்பது, கடித்த இடத்தில் அரிப்போ வலியோ இருப்பது, சிறுநீர் முன்னதாகவே கட்டுவது ஆகியவைதான் அதற்கான குறிப்புகள்.

இனி இந்த மடலை எழுத வைத்த விஷயம். கில்லன் பாரே வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மூச்சுக்கு இயந்திரம் தேவைப்படலாம். அந்த நிலை வரும் முன் எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் நாம் தவறான இடத்தில் அதைத் தேடுகிறோம். கோவிட் காலத்துக்குப் பிறகு எல்லோர் கையிலும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. ‘சாச்சுரேஷன் 98 இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல’ என்று சொல்லிப் பொதுவார்டில் படுக்கவைக்கிறார்கள். நுரையீரல் நன்றாக இருந்து, அதை இயக்கும் தசை மட்டும் ஓய்ந்துகொண்டிருக்கும்போது ஆக்சிஜன் அளவு கடைசி வரை இறங்காது. அது 90க்கு வரும்போது நோயாளிக்கு மிச்சமிருப்பது சில நிமிடம்தான். அந்த நிமிடம் ஆம்புலன்ஸில், பாலராமபுரம் சந்தி நெரிசலில் வந்துவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

நம்ப வேண்டியது மூச்சின் கொள்ளளவை. மூச்சின் அளவு காட்டும் ஸ்பைரோமீட்டர் இருந்தால், ஆழ இழுத்து முழுதாக ஊதும் அளவு, எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட வேண்டிய கட்டம். 60 கிலோ ஆளுக்கு அது 1200 மில்லி. நல்ல உடம்பில் அவருக்கு மூன்றரை, நாலு லிட்டர் இருந்திருக்கும். இருந்ததிலிருந்து 30 சதவீதம் குறைந்தாலே ஐ.சி.யூ.வுக்கு நகர்த்த வேண்டும்.

ஸ்பைரோமீட்டர் இல்லாத இடத்தில் எண்ணச் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்து, முடிந்தவரை மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில், நொடிக்கு இரண்டு வீதம் சத்தமாக எண்ண வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெரியவர் 40, 50 வரை போவார். 20ஐத் தொடாவிட்டால் அபாயம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் பத்துக்கு மேல் எண்ணுப்பெயர்கள் நீளம். ‘முப்பத்தேழு’ என்று சொல்லி முடிக்கவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஆகவே ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, செவிலியர் விரல் மடக்கிப் பத்துகளைக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும். எந்த மொழியில், என்ன வேகத்தில் முதல் முறை எண்ணினாரோ அதே மொழி, அதே வேகம் கடைசி வரை இருக்க வேண்டும். ஒரு தடவை வந்த எண்ணைவிட, அது இறங்கும் போக்குதான் முக்கியம். காலை எட்டு மணிக்கு 38, பத்து மணிக்கு 33, பன்னிரண்டுக்கு 26 என்றால், நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அடுத்த இரண்டு மணிநேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. முகம் இருபுறமும் தளர்ந்தவருக்கு உதடு குவியாததால் ஸ்பைரோமீட்டரின் அளவு பொய்யாகக் குறையும். அங்கே எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

இதோடு மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள்: கழுத்தைத் தூக்க முடியாமை, இருமலில் வலு இல்லாமை, எச்சிலை விழுங்காமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருப்பது. முதல் அறிகுறியிலிருந்து ஆஸ்பத்திரி சேரும் வரை ஒரு வாரத்துக்கும் குறைவாகவே ஆனவர், அதுவும் மூன்று நாளுக்குள் கால் முழுதாக விழுந்துவிட்டவர், எட்டு நாளாக மெல்லத் தளர்ந்தவரைவிட மூச்சுக்கு அதிக அபாயத்தில் இருக்கிறார்.

அனுப்பும்போது படுக்கவைத்து அனுப்பாதீர்கள். மல்லாக்கப் படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி, இருக்கும் கொஞ்ச மூச்சையும் குறைக்கும். 30, 45 பாகை சாய்த்து உட்காரவையுங்கள். புரையேறினால் வாய்வழி எதுவும் வேண்டாம். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ மருந்து கொடுக்க வேண்டாம். அவர் பதறுவது மூச்சு போதாமல்தான். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ‘ஆம்பு’ பையைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூட ஏற வேண்டும். குழாய் போட நேர்ந்தால், தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் வேண்டாம். நரம்பு விட்டுப்போன தசை அந்த மருந்து பட்டதும் பொட்டாசியத்தை மொத்தமாக ரத்தத்தில் கொட்டி இதயத்தை நிறுத்திவிடும்.

எங்கே அனுப்புவது? களியக்காவிளையிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும், எதிர்ப்பக்கம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் ஏறக்குறைய ஒரே தூரம், முப்பது நாற்பது கிலோமீட்டர். எல்லையோரக் குடும்பங்களுக்கு இந்தப் பக்கம் ரேஷன் கார்டு, அந்தப் பக்கம் வேலை. தலைமுறையாக ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்றால் அனந்தபுரிதான் என்ற பழக்கம் 1956 நவம்பர் முதல் தேதி எல்லை மாறியபோது மாறிவிடவில்லை. இரவில் இவர்கள் எந்தத் திசையில் திரும்புவது என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கேரளத்தின் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா அட்டையும் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எந்த மருந்துக்குச் செல்லும் என்பதை இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஒரே தாளில் எழுதி, எல்லையோர நிலையங்களின் சுவரில் ஒட்டுங்கள். மூச்சு இயந்திரத்தோடு எந்த ஐ.சி.யூ.வில் படுக்கை காலி என்று இரவில் கேட்டுச் சொல்ல, மாவட்டத்துக்கு ஒரு எண், இரண்டு எண்ணும் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் குழப்பம் வேண்டாம். நடக்க முடியாத நிலைக்கு வந்தவருக்குப் பலன் தருவதாக நிரூபணமானவை இரண்டுதான். ஒன்று இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து, மற்றொன்று பிளாஸ்மா மாற்றம். இரண்டும் சம பலன். ஸ்டீராய்டு இந்த நோயில் உதவுவதில்லை. வாய்வழி கொடுத்தபோது நிலைமை கெட்டதற்கும் சான்று உண்டு. முகவாதத்துக்கு 72 மணிநேரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுப்பது சரியான வைத்தியம் என்பதால் இங்கே ஒரு தவறு நுழைகிறது. முகம் ஒரு பக்கம் கோணினால் அது அநேகமாக முகவாதம். இரண்டு பக்கமும் தளர்ந்து, கூடவே கால் மரத்திருந்தால், அது கில்லன் பாரே என்று எடுத்துக்கொண்டு மூச்சை எண்ணத் தொடங்குங்கள்.

இம்யூனோகுளோபுலின் கணக்கு இது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம், ஐந்து நாள். 60 கிலோ எடைக்கு நாளைக்கு 24 கிராம், மொத்தம் 120 கிராம். ஐந்து கிராம் புட்டி என்றால் 24. பத்து சதவீதக் கரைசலில் ஒரு நாள் அளவு 240 மில்லி. முதல் அரை மணிநேரம் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, அதாவது மணிக்கு 30 மில்லி என்று மெல்லத் தொடங்கி, குளிரோ நெஞ்சடைப்போ இல்லையென்று பார்த்துப் பார்த்து வேகம் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு ஓட்டினால் தலைவலி, வாந்தி, ரத்தக்கட்டு. நீர்ச்சத்து குறைந்த உடம்பில் சிறுநீரகம் கெடும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, குலுக்கினால் நுரைத்துப்போகும்.

கெட்டுப்போகும் இடம் அளவு. விலை சில லட்சத்தைத் தொடுவதால், ‘இப்போதைக்கு ஒரு நாளைக்கு இரண்டு புட்டி போட்டுப் பார்க்கலாம்’ என்று பெரியவர்களுக்குக் கால் பங்கு, அரைப் பங்கு ஏற்றும் வழக்கம் இருக்கிறது. பலன் நிரூபணமானது முழு அளவுக்கு. காசையும் செலவழித்து மருந்தையும் பயனில்லாமல் ஆக்கும் வழி அது. மருந்து போதாவிட்டால் அரைகுறையாகத் தொடங்குவதைவிட பிளாஸ்மா மாற்றம் இருக்கும் இடத்துக்கு அனுப்புவது மேல். அங்கே ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 50 மில்லி வீதம், ஒன்றுவிட்டு ஒரு நாள், நான்கைந்து முறை ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவார்கள். இம்யூனோகுளோபுலின் போட்டு முடித்த மறுநாளே பிளாஸ்மா மாற்றத்துக்கு ஏற்றினால், போட்ட மருந்தையே உறிஞ்சி வெளியே கொட்டுவதாகும். முதல் சுற்றுக்குப் பிறகு எழவில்லை என்று உடனே இரண்டாம் சுற்று போடுவதாலும் பலன் இல்லை என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. குடும்பம் நிலத்தை அடகு வைத்து அந்த இரண்டாம் சுற்றை வாங்கும் முன் யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து ஏறுவதுதான் கணக்கு. ஆகவே ஆசாரிப்பள்ளத்திலும் திருவனந்தபுரத்திலும் எந்த நேரமும் ஒரு ஆளுக்கு முழு அளவு, குறைந்தது 25 புட்டி, கையிருப்பில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

மருந்து ஏற்றும் முன் 10 மில்லி ரத்தம் எடுத்து ஒதுக்கிவையுங்கள். ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. ஏறிய பின் எந்தக் கிருமிக்கான எதிர்ப்புப் பொருளைச் சோதித்தாலும், அது நோயாளியுடையதா கொடையாளியுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம் எல்லைக்கு இது சின்ன விஷயம் அல்ல. கேரளத்தின் முதல் சிக்கா வைரஸ் நோயாளி 2021 ஜூலையில் உறுதியானது பாறசாலையில்தான், களியக்காவிளையிலிருந்து கூப்பிடு தூரம். சிக்காவைப் பரப்புவது டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு. ரப்பர் சிரட்டையில் மழைநீர் தேங்கும் ஊர் இது. பிரெஞ்சு பாலினீசியாவில் 2013–14இல் சிக்கா பரவியபோது 42 பேருக்குக் கில்லன் பாரே வந்தது. பத்தாயிரம் தொற்றுக்கு இரண்டரைப் பேர் என்று மதிப்பிட்டார்கள். சிக்கா ரத்தத்தில் ஒரு வாரம்தான் தெரியும், சிறுநீரில் இரண்டு வாரம்வரை. ஆகவே சிறுநீரும் எடுத்துவையுங்கள். 2025 ஜனவரியில் புணேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சந்தேகத்துக்குள்ளானபோது, மலச் சோதனையில் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியா கிடைத்ததும், குடிநீர் மீது சந்தேகம் விழுந்ததும் மாதிரிகளைச் சேமித்ததால்தான். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் தெருவில் இரண்டு பேர் ஒரே மாதத்தில் தளர்ந்தால், ஒருவர் ஆசாரிப்பள்ளத்திலும் ஒருவர் திருவனந்தபுரத்திலும் படுத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க இன்று ஒருவரும் இல்லை. வாரம் ஒரு முறை இரண்டு மாவட்டக் கண்காணிப்பு அலுவலர்களும் பெயரில்லாமல், ஊரையும் தேதியையும் மட்டும் பரிமாறிக்கொண்டாலே போதும்.

குழந்தைகள் விஷயத்தில் விதியே இருக்கிறது. 15 வயதுக்குக் கீழ் யாருக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தாலும், காரணம் என்னவென்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தாலும், உடனே அறிவிக்க வேண்டும். தளர்ந்த 14 நாளுக்குள், 24 மணிநேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் வந்த இந்தியாவின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். அதன்பின் அந்த வைரஸால் ஒருவரும் இல்லை என்று சொல்ல முடிவது இந்த மாதிரிகளால்தான். எல்லை தாண்டி அனுமதியான குழந்தைக்கு, ‘அந்த மாவட்டம் அறிவித்திருக்கும்’ என்று இரண்டு பக்கமும் நினைத்து இருவருமே விட்டுவிடும் அபாயம் உண்டு. பார்த்தவர் அறிவிக்கட்டும். இரண்டு முறை அறிவித்தால் நஷ்டமில்லை.

தடுப்பூசி பற்றிச் சுற்றிவளைக்காமல் பேச வேண்டும். தடுப்பூசிக்குப் பின் இந்த நோய் வந்ததுண்டு. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு நாலரைக் கோடிப் பேருக்குப் போட்டபோது, லட்சத்தில் ஒருவர் வீதம் கூடுதலாக வந்து, டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். இப்போதைய ஃப்ளூ ஊசியில் அது பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டு. ஃப்ளூ காய்ச்சலே அதைவிட அதிகமாக இந்த நோயைக் கொண்டுவரும். கோவிஷீல்டின் முதல் தவணைக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் ஏழு பேருக்குக் கில்லன் பாரே வந்ததை 2021இல் எழுதி வெளியிட்டவர்கள் கேரளத்து மருத்துவர்கள்தான். ஏழு பேருக்குமே முகம் இருபுறமும் தளர்ந்திருந்தது. அப்போது அந்த நோயாளிகள் வந்த மூன்று மாவட்டத்தில் ஏறக்குறைய 12 லட்சம் பேருக்கு ஊசி போட்டிருந்தார்கள். அவர்கள் எழுதியதால் அடுத்து வந்த மருத்துவர்கள் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். தடுப்பூசித் திட்டம் நின்றுபோகவில்லை.

நம் பாட்டிமார் நாய்க்கடி ஊசிக்குப் பயந்ததற்கும் காரணம் இருந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய ஊசி ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. அதிலிருந்த நரம்புப் பொருளை எதிர்த்து உடல் கிளம்பி, சிலருக்குக் கை கால் விழுந்தது உண்மை. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அதைத் தயாரிப்பது நின்றது. இன்று தோளில் போடும் ஊசியில் நரம்புத் திசு கிடையாது. இந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லாமல், ‘பக்கவிளைவே இல்லை’ என்று ஒரே வார்த்தையில் அடைத்தால், கேட்டவர் வீட்டுக்குப் போய் இரண்டாம் தவணைக்கு வராமல் இருந்துவிடுவார். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் யாருக்குத் தளர்ச்சி வந்தாலும் தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுப் படிவம் 24 மணிநேரத்துக்குள் போக வேண்டும். ஊசிதான் காரணம் என்று ஒத்துக்கொள்வதல்ல அது. காரணத்தை ஆராயும் குழுவுக்கு வேலை கொடுப்பது. அதில் ஊசியின் தொகுதி எண், போட்ட தேதி, அதற்கு முந்திய நாலு வாரத்தில் வந்த காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் வேண்டும். ஊசி குழித்துறையில், அனுமதி திருவனந்தபுரத்தில் என்றால் தொகுதி எண் தேடுவதிலேயே வாரம் போகும். போடும்போதே அட்டையில் அந்த எண்ணைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

வர்ம ஆசான்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கால் தளர்ந்தால் இந்த மண்ணில் பலர் முதலில் வருவது உங்கள் களரிக்குத்தான்; அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. நாலு வாரத்துக்குள் வந்த தளர்ச்சி, கீழிருந்து மேலே, இரு பக்கமும் என்றால் எண்ணெயை எடுக்கும் முன் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள், ஆசானே. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். தடவி உழியும் நேரம் அதற்கு அப்புறம் வரும். அப்போதும் உணர்ச்சியற்ற தோலில் சூட்டுக் கிழி வைக்க வேண்டாம், கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

மூச்சு தப்பிய பின்னும் வேலை முடிவதில்லை. ரத்த அழுத்தம் காலையில் 180, மதியம் 80 என்று ஆடும். குழாயில் சளி உறிஞ்சும்போது இதயம் சட்டென்று மெதுவாகும், துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூடாத கண்ணுக்குக் களிம்பும் டேப்பும், தொங்கும் பாதத்துக்குத் தாங்கு பலகையும், கால் ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் வேண்டும். முதுகிலும் தொடையிலும் கடுமையான வலி இருக்கும். பேச முடியாதவருக்கு அதைக் காட்ட ஒரு எழுத்துப் பலகை, அவர் படிக்கும் மொழியில் கொடுங்கள். நிலைமை மேலும் மோசமாவது நாலு வாரத்துக்குள் நின்றுவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. ஆறு மாதம் கழித்தும் ஐந்தில் ஒருவர் துணையில்லாமல் நடக்க மாட்டார். அவரை வாரம் மூன்று நாள் முப்பது கிலோமீட்டர் வரச் சொன்னால் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவார். குழித்துறையிலும் பாறசாலையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி நாளை நிர்ணயித்து, டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். தளர்ச்சி எட்டு வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போனால் அது நாள்பட்ட வேறு வகை; அதற்கு ஸ்டீராய்டு வேலை செய்யும். அப்போது மறுபடி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இந்த மடலோடு ஒரு தாள் மாதிரியை இணைத்திருக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மேலே நோயாளியின் எடை, முதல் மரத்துப்போன தேதி, கடைசிக் காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கின் தேதி, கடைசி ஊசியின் தேதியும் தொகுதி எண்ணும், நாய் கடித்ததா, பொட்டாசியம் எவ்வளவு. கீழே இரண்டு மணிநேரத்துக்கு ஒரு வரி: எந்த மொழியில் எண்ணினார், எத்தனை வரை, தலை தூக்கினாரா, இருமினாரா, எச்சில் விழுங்கினாரா, பார்த்தவர் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில், 20க்குக் கீழே வந்தால் அழைக்க வேண்டிய இரண்டு தொலைபேசி எண்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். அந்த எண்களை நிரப்ப வேண்டியது நீங்கள்.

இப்படிக்கு,
எல்லையின் இரு பக்கமும் பணிபுரியும் நரம்பியல் மருத்துவர்கள், தீவிர சிகிச்சைச் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்